ஐரோப்பாவில் அறை எடுத்துத் தங்குவோர் கவனத்துக்கு

ஐரோப்பாவுக்கு நண்பர்களோடு போவதென்று முடிவாகிவிட்டால் முதலில் செய்ய வேண்டியது, அறை பிடிக்கும் பொறுப்பை வேறு யார் தலையிலாவது கட்டிவிடுவது. விமான டிக்கெட் எடுப்பவருக்கு ஒரு கஷ்டமும் இல்லை. விமானம் தாமதமானால் எல்லோரும் விமானக் கம்பெனியைத் திட்டுவார்கள். ரயில் டிக்கெட் எடுப்பவரும் அப்படித்தான் தப்பித்துவிடுவார். அறை விஷயம் வேறு. தலையணை தட்டையாக இருப்பதற்கும், ஜன்னலைத் திறந்தால் பக்கத்துக் கட்டடத்தின் சுவர் தெரிவதற்கும், அடுத்த அறையில் யாரோ நடுராத்திரியில் கிடார் வாசிப்பதற்கும் அறை எடுத்தவரே ஜவாப்தாரி. பத்து வருஷம் கழித்து யார் வீட்டுக் கல்யாணப் பந்தியிலாவது, ரசம் ஊற்றும் நேரமாகப் பார்த்து, அது எடுத்துச் சொல்லப்படும்.

இதைப் படிக்கிறீர்கள் என்றாலே பொறுப்பு உங்கள் தலையில் விழுந்துவிட்டது என்று அர்த்தம். மற்ற நான்கு பேரும் இதைப் படிக்கப் போவதில்லை. ஆகவே மனம்விட்டுப் பேசலாம்.

முதலில் பட்ஜெட். இதை வாட்ஸ்அப் குழுவில் கேட்காதீர்கள். கேட்டால், இருப்பவர்களிலேயே அதிகம் சம்பளம் வாங்குகிறவர் முந்திக்கொண்டு, "ராத்திரி தலையைச் சாய்க்கத்தானே மாப்ளே, அதுக்குப் போய்க் காசைக் கொட்டணுமா?" என்பார். அதற்கு மேல் ஒரு தொகையைச் சொல்ல மற்றவர்கள் கூச்சப்பட்டுக் கட்டைவிரல் படத்தைப் போடுவார்கள். ஒவ்வொருவரையும் தனித்தனியாகப் போனில் பிடியுங்கள். அப்போதுதான் விஷயம் வெளியே வரும். ஒருவருக்கு முழங்கால் வலி, மாடி ஏற முடியாது. ஒருவருக்கு அடுத்தவர் குளித்த ஈரத்தில் கால் வைக்கப் பிடிக்காது. ஒருவருக்குக் குறட்டை, அவர் ஒப்புக்கொள்ள மாட்டார், அவர் மனைவியிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். கடைசியாக ஒருவர், "எனக்கு எதுனாலும் ஓகேடா" என்பார். அவர் பெயருக்கு நேரே சிவப்பு மையில் ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள். போய் இறங்கியதும் "பால்கனி இல்லையா?" என்று கேட்கப் போகிறவர் அவர்தான்.

குழுவில் பெண்கள் இருந்தால் இந்தப் போனை அவர்களுக்கே முதலில் போடுங்கள். அறை தேடும் ஆண்கள் படுக்கையின் படத்தைப் பார்ப்பார்கள். பெண்கள் கதவில் தாழ்ப்பாள் எப்படி இருக்கிறது, ஸ்டேஷனிலிருந்து அந்தத் தெருமுனை வரை விளக்கு உண்டா, இரவு பதினொரு மணிக்கு அந்த வழியில் ஒரு கடையாவது திறந்திருக்குமா என்று பார்ப்பார்கள். அவர்கள் சரி என்று சொல்லும் இடம் ஆண்களுக்கும் பத்திரமானதே. அதைக் கண்டுபிடித்தது தாங்கள்தான் என்று ஆண்கள் பின்னால் சொல்லிக்கொள்ளலாம்.

அடுத்தது விசா. ஷெங்கன் விசா ஒன்றை வாங்கினால் 29 நாடுகளில் சுற்றலாம். ஆனால் எந்த நாட்டிடம் விண்ணப்பிப்பது என்பதை நீங்கள் எங்கே எத்தனை இரவு படுக்கிறீர்கள் என்பது தீர்மானிக்கிறது. எந்த நாட்டில் அதிக நாள் தங்குகிறீர்களோ அந்த நாட்டிடம் போக வேண்டும். நாட்கள் சமமாக இருந்தால் முதலில் எந்த நாட்டுக்குள் நுழைகிறீர்களோ அங்கே. பாரிஸ் கட்சிக்கும் ரோம் கட்சிக்கும் பல வாரம் வாக்குவாதம் நடந்து, பிரான்ஸுக்கு நாலு, இத்தாலிக்கு ஐந்து என்று பஞ்சாயத்து முடிந்து, நீங்கள் இத்தாலிய விண்ணப்பத்தைப் பூர்த்தி செய்து கையெழுத்துப் போட்ட மறுநாள், "டிஸ்னிலேண்டுக்கு ஒரு நாள் சேர்த்துக்கலாமே?" என்று ஒரு செய்தி வரும். அப்போது ஆத்திரப்படாதீர்கள். வயது வந்தவருக்கு விசாக் கட்டணம் 90 யூரோ என்பதையும், விசா கிடைக்காவிட்டாலும் அது திரும்பி வராது என்பதையும் மட்டும் பதிலாக அனுப்புங்கள். டிஸ்னிலேண்ட் ஆசை தானாக அடங்கிவிடும்.

விண்ணப்பத்தோடு எல்லா இரவுகளுக்கும் தங்குமிடச் சான்று வைக்க வேண்டும். இங்கேதான் நம்மவர்களின் சாமர்த்தியம் வேலை செய்யத் தொடங்கும். இலவசமாக ரத்து செய்யக்கூடிய நல்ல ஹோட்டல்களாகப் பார்த்துப் பதிவு செய்து விசாவுக்குக் காட்டுவது. விசா வந்த அன்றே எல்லாவற்றையும் ரத்து செய்துவிட்டு மலிவான இடம் தேடக் கிளம்புவது. விசாவுக்கு ஒரு ஹோட்டல், தூங்க ஒரு ஹோட்டல். இந்த முறையின் விசேஷம் விமான நிலையத்தில் தெரியும். "எங்கே தங்குகிறீர்கள்?" என்று குடியேற்ற அதிகாரி கேட்கும்போது ஒருவர் ரத்தான ஹோட்டலின் பெயரைச் சொல்வார், ஒருவர் புது இடத்தைச் சொல்வார், ஒருவர் "அதெல்லாம் பின்னாடி வர்றவருக்குத்தான் தெரியும்" என்று உங்களைக் கை காட்டுவார். அதிகாரிக்கு இதில் ரசிக்க எதுவும் இருக்காது. நிஜமாகவே தங்கக்கூடிய இடத்தை, ரத்து செய்யும் வசதியோடு, முதலிலேயே எடுத்துவிடுவது நல்லது. கொஞ்சம் கூடுதலாகத்தான் ஆகும். பிறகு இடம் மாறினால் புதிய பதிவுச் சீட்டை ஐந்து பேர் கையிலும் காகிதமாகக் கொடுங்கள். போனில் இருக்கிறது என்பார்கள்; அந்தப் போனில் சார்ஜ் இருக்காது.

இனி இடம் தேடலாம். பாரிஸை எடுத்துக்கொள்வோம். நகரம் 20 வட்டாரங்களாகப் பிரிந்திருக்கிறது. நடுவில் 1 என்று தொடங்கி வலமாகச் சுழன்று சுழன்று 20-இல் முடிகிறது. அஞ்சல் குறியீட்டின் கடைசி இரண்டு எண்களே வட்டாரத்தின் எண். 75010 என்றால் பத்தாவது, 75018 என்றால் பதினெட்டாவது. ஆகவே விளம்பரத்தில் ஈஃபில் கோபுரத்தின் படம் எவ்வளவு பெரிதாக இருந்தாலும், முகவரியில் குறியீடு 75 என்று தொடங்காவிட்டால் அந்த வீடு பாரிஸில் இல்லை. 93 என்று தொடங்கினால் பாரிஸுக்கு வடகிழக்கே ஒட்டிக்கொண்டிருக்கும் சென்-சென்தெனி மாவட்டம். அங்கே தங்குவது குற்றமல்ல. லட்சக்கணக்கான பேர் குடும்பம் நடத்துகிறார்கள். ஆனால் வார நாட்களில் மெட்ரோ இரவு ஒன்றேகால் மணி வாக்கில் நின்றுவிடும். அதற்குப் பிறகு டாக்ஸிதான். சாதாரண டாக்ஸியில் நான்கு பேர்தான் ஏறலாம், நீங்கள் ஐந்து பேர். ஐந்தாவது ஆளை டிரைவர் பக்கத்தில் தொற்றிக்கொள்ளச் சொல்ல அது நம்மூர் ஷேர் ஆட்டோ அல்ல. அறையில் மிச்சம் பிடித்த காசு இப்படி இரண்டு டாக்ஸியில் ஏறிப் போய்விடும்.

"மையத்துக்கு 25 நிமிடம்" என்று போட்டிருந்தால், எதில் 25 நிமிடம், எந்த மையத்துக்கு என்று கேளுங்கள். பதில் வர தாமதமானால் அதுவே பதில்.

மூன்றாம் நாள் குழுவில் ஒருவர் சோறு கேட்பார் என்பதால் பாரிஸில் கார் து நோர் ரயில் நிலையத்தின் பின்பக்கத்தைப் பற்றி ஒரு வார்த்தை. லா ஷப்பல் பக்கம், ஃபோபூர் சென்-தெனி தெருவின் மேல்முனையில் ஈழத் தமிழர் கடைகள் வரிசையாக இருக்கின்றன. கொத்து ரொட்டி தட்டும் சத்தம், நகைக்கடை, புடவைக்கடை, காய்கறிக்கடையில் முருங்கைக்காய். கொஞ்ச தூரத்தில் பஜோல் தெருவில் மாணிக்க விநாயகர் ஆலயம். கோடை முடிகிற சமயத்தில் அதன் தேர் பாரிஸ் வீதிகளில் வரும். விமான நிலையத்திலிருந்து ஆர்.ஈ.ஆர். ரயில் நேராக கார் து நோருக்கே வந்துவிடும் என்பதால் அங்கே நடுத்தர விலையில் அறை எடுப்பது புத்திசாலித்தனம்தான். ஸ்டேஷன் வாசலில் பையை முன்பக்கமாக மாட்டிக்கொள்ளுங்கள், ஜேபடிக்காரர்கள் உண்டு. கடைக்காரரிடம், "அண்ணே, இந்தத் தெரு ராத்திரியில எப்படி?" என்று கேட்கலாம், அவருக்குத் தெரிந்தது எந்த மதிப்புரையிலும் கிடைக்காது. அதற்கு மேல் உறவு கொண்டாடி, தெரிந்தவர் வீட்டில் இரண்டு நாள் தங்க முடியுமா என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். நீங்கள் திருநெல்வேலி, அவர் பருத்தித்துறை. இடையில் கடலும் ஒரு யுத்தமும் இருக்கின்றன. அவருடைய வீட்டில் ஏற்கெனவே இடம் போதாமல்தான் இருக்கும்.

இப்போது மாடிப்படி. மலிவு அறைகளைப் பற்றிய எல்லா ரகசியமும் மாடிப்படியில் இருக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஓஸ்மான் என்ற அதிகாரி பாரிஸை இடித்துக் கட்டியபோது எழுந்த கட்டடங்களில் கீழே பணக்காரர்கள் இருந்தார்கள். கூரைக்கு அடியில் இருந்த பொந்துகளில் அவர்கள் வீட்டு வேலைக்காரப் பெண்கள் தூங்கினார்கள். லிஃப்ட் இல்லாத காலம், மேலே போகப் போக மதிப்புக் குறைவு. இன்றைக்கு அந்தப் பொந்துகளில் சில, "பாரிஸ் கூரைகளின் மயக்கும் காட்சி" என்ற வரியோடு உங்கள் போன் திரையில் வருகின்றன. பிரான்ஸில் ஒரு வீட்டை வாடகைக்கு விட அதில் குறைந்தது 9 சதுர மீட்டர் உள்ள ஓர் அறை இருந்தால் போதும் என்பது பொது விதி. அதாவது கிட்டத்தட்ட 97 சதுர அடி. ஐந்து பேரும் உள்ளே போகலாம், பெட்டிகள் வெளியே நிற்க வேண்டும்.

பெட்டிகளைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். ஆளுக்கு 23 கிலோ என்று வைத்தால் 115 கிலோ. ஆறு மாடி. முழங்கால் வலிக்காரர் ஒன்றும் தூக்க மாட்டார் என்பதால் அவருடையதும் உங்கள் பங்கில். லிஃப்ட் உண்டு என்று போட்டிருந்தாலும் படிக்கட்டின் நடுச்சந்தில் பின்னாளில் செருகிய கூண்டாக அது இருக்கலாம். ஒரு ஆளும் ஒரு பெட்டியும் உள்ளே போனால் கதவு மூடுவதற்கு யோசிக்கும். ஆகவே மூன்று கேள்விகளை எழுத்தில் கேட்டு வாங்குங்கள்: எத்தனையாவது மாடி, லிஃப்ட் தரையிலிருந்தே தொடங்குகிறதா, எத்தனை பேர் ஏறலாம்.

கோடையில் போகிறவர்கள் நான்காவதாக ஒன்று கேட்க வேண்டும்: மின்விசிறி உண்டா? ஐரோப்பா என்றாலே குளிர் என்று நம்பிக் கம்பளிச் சட்டை எடுத்துப் போகிற நமக்கு இது தோன்றவே தோன்றாது. பாரிஸில் 2019 ஜூலை 25-ஆம் தேதி வெயில் 42.6 டிகிரியைத் தொட்டது. கூரைகள் பெரும்பாலும் துத்தநாகத் தகடு. அதற்கு நேர் கீழே வேலைக்காரப் பெண்ணின் பழைய அறை. ஏ.சி. கிடையாது, உத்தரத்தில் விசிறியும் கிடையாது. வேலூரிலிருந்து போனவர் விசிறி ஸ்விட்சைத் தேடிச் சுவரைத் தடவிக்கொண்டிருப்பார்.

"ஆறு பேர் தூங்கலாம்" என்ற வாசகத்தை எல்லோரும் நம்பிவிடுகிறார்கள். 2007-இல் சான் ஃபிரான்சிஸ்கோவில் வாடகை கொடுக்கக் காசில்லாத இரண்டு இளைஞர்கள், ஊரில் ஒரு மாநாடு நடந்த சமயம், வீட்டில் காற்று மெத்தைகளைப் போட்டு ஆட்களைத் தங்கவைத்ததில் பிறந்ததுதான் ஏர்பிஎன்பி. அந்த மெத்தையின் ஆவி இன்னும் பல வீடுகளில் உலவுகிறது. ஒரு கட்டில், இழுத்தால் நீளும் ஒரு சோபா, சமையலறை மூலையில் மடித்து வைத்த ஏதோ ஒன்று, கூட்டினால் ஆறு. ஆள் கணக்கை விட்டுவிட்டுப் படங்களில் கட்டில்களை எண்ணுங்கள். பிறகு கதவுள்ள அறைகளை எண்ணுங்கள். சோபாவில் யார் என்பதை ஊரிலேயே தேதிவாரியாக எழுதி, ஐந்து பேரிடமும் கையெழுத்து வாங்கிவிடுங்கள். சிரிப்பார்கள். சிரிக்கட்டும், கையெழுத்து முக்கியம்.

அந்த வீட்டை வாடகைக்கு விட உரிமையாளருக்கு அனுமதி இருக்கிறதா என்பதையும் பார்க்கலாம், அதிக நேரம் ஆகாது. இத்தாலியில் 2025 ஜனவரி முதல் ஒவ்வொரு சுற்றுலா வாடகை வீட்டுக்கும் தேசிய அடையாளக் குறியீடு ஒன்று விளம்பரத்திலும் வாசலிலும் இருக்க வேண்டும். 'ஐ', 'டி' என்ற இரண்டு எழுத்தில் தொடங்கும். பாரிஸில் பதிவு எண் உண்டு. சொந்தமாகக் குடியிருக்கும் வீட்டை அங்கே வருஷத்துக்கு 90 நாளுக்கு மேல் பயணிகளுக்கு விடக் கூடாது. பார்சிலோனா இன்னும் கடுமை. அங்கே உரிமம் பெற்ற சுற்றுலா வீடுகள் 10,101. அவ்வளவையும் 2028 நவம்பருக்குள் இல்லாமல் செய்வதாக மேயர் 2024-இல் அறிவித்தார். அதே வருஷம் ஜூலையில் ஊர்க்காரர்கள் ஊர்வலம் போனபோது, நடைபாதை ஓட்டல்களில் சாப்பிட்டுக்கொண்டிருந்த சுற்றுலாப் பயணிகள் மேல் பொம்மைத் துப்பாக்கியால் தண்ணீர் அடித்தார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. மகனுக்கு வாடகை வீடு கிடைக்காமல் அலைந்த ஒரு தகப்பன், அதே தெருவில் ஐந்து பேர் வாரா வாரம் சக்கரப் பெட்டியை உருட்டிக்கொண்டு போவதைப் பார்த்தால் வேறென்ன செய்வார்? உரிமம் இல்லாத வீட்டில் தங்குகிறவருக்கு இன்னொரு சிக்கல்: ஏதாவது தகராறு என்றால் புகார் கொடுக்க வாயே வராது. வீட்டுக்காரருக்கும் அது தெரியும்.

வரியை மறந்துவிடாதீர்கள். ரோமில் மூன்று நட்சத்திர ஹோட்டலில் ஒரு ஆளுக்கு ஒரு இரவுக்கு 6 யூரோ நகர வரி. ஐந்து பேர், நாலு இரவு: 120 யூரோ, நம் காசுக்குப் பத்தாயிரம் ரூபாயைத் தாண்டும். இது பெரும்பாலும் பதிவுத் தொகையில் சேராது, ஹோட்டலில்தான் கேட்பார்கள். "அதான் முன்னாடியே கட்டிட்டோமே!" என்று கவுண்டரில் குரல் உயர்த்தாதீர்கள், ரசீது கேட்டு வாங்குங்கள்.

வெனிஸில் உங்கள் பெட்டிக்கு ஜாதகம் சரியில்லை. நானூறுக்கும் மேற்பட்ட பாலங்கள், பெரும்பாலும் படிக்கட்டு வைத்தவை. வீட்டு எண்களோ தெருவைப் பொறுத்து இல்லாமல் வட்டாரம் முழுவதற்கும் சேர்த்து ஓடுகின்றன. 3412 என்ற வீட்டுக்குப் பக்கத்தில் எந்தச் சந்து என்று கூகுள் மேப்புக்கே தடுமாற்றம். ஆகவே பணம் போதாதவர்கள் நிலப்பகுதியிலுள்ள மெஸ்த்ரேயில் தங்குகிறார்கள். ரயிலில் பத்து நிமிடம், விலை கணிசமாகக் குறைவு, மாடிக்கு லிஃப்ட் இருக்கவும் வாய்ப்பு அதிகம். 2024 முதல் சில நாட்களில் பகல் பயணிகளிடம் வெனிஸ் நுழைவுக் கட்டணம் வாங்குகிறது. மெஸ்த்ரேயும் வெனிஸ் நகராட்சியைச் சேர்ந்ததே என்பதால் அங்கே இரவு தங்குகிறவர்களுக்கு விலக்கு, முன்கூட்டியே பதிவு செய்துகொண்டால் போதும். "வெனிஸுக்குப் போய் வெனிஸ்லயே தங்கலையா?" என்று ஊரில் கேட்பவர்களுக்கு மெஸ்த்ரே என்பது வெனிஸில்தான் இருக்கிறது என்று சொல்லுங்கள். சட்டப்படி அது உண்மை.

இன்னும் மலிவு வேண்டும் என்றால் ஹாஸ்டல். 1909 ஆகஸ்டில் ரிச்சர்ட் ஷிர்மான் என்ற ஜெர்மன் பள்ளி ஆசிரியர் மாணவர்களை நடைப்பயணம் கூட்டிப் போனபோது இடிமழையில் மாட்டிக்கொண்டார். ஒரு பள்ளிக்கூடத்தில் வைக்கோல் பரப்பி எல்லோரும் படுத்தார்கள். ஊர் ஊருக்கு இப்படி ஒரு இடம் இருந்தால் என்ன என்று அவருக்கு அன்றிரவு தோன்றியது. 1912-இல் அல்டெனா கோட்டையில் முதல் இளைஞர் விடுதி வந்தது. வாத்தியார் யோசனை என்பதால் அடிப்படையில் இது நல்ல யோசனைதான். சில ஹாஸ்டல்களில் மட்டும் பொது அறைக்கு வயது வரம்பு வைத்திருக்கிறார்கள். கல்லூரி நண்பர்களோடு நாற்பத்தைந்து வயதில் கிளம்புகிறவர்கள் அந்த வரியைத் தேடிப் படிக்கவும்.

ஐந்து பேருக்கு வசதியானது ஆறு கட்டில் அறை. இங்கே ஒரு தர்மசங்கடம் உண்டு. ஆறாவது கட்டிலுக்கும் நீங்களே பணம் கட்டிவிட்டால் அறை முழுக்க உங்களுடையது. "காலிக் கட்டிலுக்குக் காசா?" என்று கணக்குப் பிள்ளை நண்பர் தடுத்துவிடுவார். அன்றிரவு பதினொரு மணிக்கு முதுகில் மூட்டையோடு அந்த ஆறாவது ஆள் கதவைத் திறப்பார். பாவம், அவர் எந்தக் குற்றமும் செய்யாதவர். உள்ளே நான்கு பேர் தரையில் வட்டமாக உட்கார்ந்து பருப்புப்பொடி சாதம் பிசைந்துகொண்டிருப்பார்கள். கட்டில் கம்பிகளில் பனியன்கள் காயும். ஒருவர் அம்மாவோடு வீடியோ காலில், "இதோ ரூமுக்கு ஒரு ஆளு வந்திருக்காரு" என்று போனை அவர் பக்கம் திருப்புவார். அந்த அம்மா அவரைச் சாப்பிட்டாயா என்று தமிழில் கேட்பார். இதற்குப் பிறகு அவர் முன் இரண்டு வழிகள்தான்: கீழே போய் வேறு அறை கேட்பது, அல்லது உட்கார்ந்து சாப்பிடுவது. உட்கார்ந்துவிட்டால் மறுநாள் கொலோசியத்துக்கும் கூடவே வருவார், எல்லாப் படங்களிலும் இருப்பார். நல்லவராகவே இருந்தாலும் பாஸ்போர்ட்டை லாக்கரில் வைத்துப் பூட்டுங்கள்; பூட்டை ஊரிலிருந்தே கொண்டுபோவது நல்லது, அங்கே அதற்கும் தனிக் காசு. பெண்களுக்கு மட்டுமான அறைகள் பல ஹாஸ்டல்களில் உண்டு. சில யூரோ கூடுதல் என்றாலும் குறட்டை நண்பரிடமிருந்து விடுதலை அதில் அடக்கம்.

பணம் கட்டும் இடத்தில் மட்டும் நகைச்சுவை வேண்டாம். உரிமையாளர் வாட்ஸ்அப்புக்கு அழைத்து, நேரடியாக வங்கிக்கு அனுப்பினால் இருபது சதவிகிதம் தள்ளுபடி என்றால், அங்கே வீடே இல்லாமலும் இருக்கலாம். இன்னொரு வகை, முன்பதிவுத் தளத்துக்குள்ளிருந்தே ஹோட்டல் பெயரில் வரும் செய்தி: உங்கள் கார்டு சரிபார்க்கப்படவில்லை, பன்னிரண்டு மணி நேரத்துக்குள் இந்த லிங்க்கில் போடாவிட்டால் அறை ரத்து. ஹோட்டலின் கணக்கைத் திருடியவர்கள் இப்படி அனுப்புகிறார்கள். லிங்க்கைத் தொடாமல் ஹோட்டலின் சொந்த எண்ணுக்குப் போன் செய்து கேளுங்கள். குழுவில் முதலில் லிங்க்கைத் தொடப் போகிறவர் ஐ.டி. கம்பெனியில் பாதுகாப்புப் பிரிவில் வேலை பார்க்கிறவர். அவருக்கு முதலில் சொல்லி வையுங்கள்.

அறைக்குள் நுழைந்ததும் யாரும் படுக்கையில் விழக் கூடாது. பெட்டிகள் எல்லாம் நேராகக் குளியலறைக்குள். பிறகு மெத்தையின் தையல் ஓரங்களையும் கட்டில் தலைமாட்டையும் போன் டார்ச்சில் பாருங்கள். கறுப்புப் புள்ளிகள் தெரிந்தால் மூட்டைப்பூச்சி. 2023 இலையுதிர் காலத்தில் பாரிஸே இதற்காகப் பதறியது. டூரிங் டாக்கீஸ் பெஞ்சுகளில் பயிற்சி பெற்ற மூத்தவர் யாராவது குழுவில் இருந்தால் இந்தச் சோதனையை அவரிடம் ஒப்படையுங்கள். புள்ளி இருந்தால் படம் எடுத்து, உடனே வேறு அறை கேளுங்கள். காலையில் கேட்டால் நீங்கள் கொண்டு வந்தது என்பார்கள். அடுத்து, தீப்பிடித்தால் ஓட வழி. படிக்கட்டு எந்தப் பக்கம், அதன் கதவு திறக்கிறதா என்று ஒருவர் போய்ப் பார்த்து வரட்டும். வீட்டுக்குள் கேமரா வைப்பதை ஏர்பிஎன்பி 2024 ஏப்ரல் இறுதியிலிருந்து உலகம் முழுக்கத் தடை செய்துவிட்டது. அதனால் கூடத்து அலமாரியிலிருந்து ஏதாவது உங்களைப் பார்த்துக்கொண்டிருந்தால் புகார் கொடுக்கத் தயங்க வேண்டாம். பாஸ்போர்ட்டைக் கேட்டால் பயப்படாதீர்கள். இத்தாலியில் தங்குகிறவர்களின் விவரத்தை 24 மணி நேரத்துக்குள் போலீசுக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது சட்டம். காட்டுங்கள், குறித்துக்கொள்ளட்டும், திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள். "காலையில் தருகிறேன்" என்றால் கவுண்டரை விட்டு நகராதீர்கள்.

சமையலறை உள்ள வீடு எடுத்ததே சிக்கனத்துக்காக. ஆனால் அந்த வீட்டுப் புகை உணரிக்குக் கடுகு தாளிப்பது இன்னதென்று தெரியாது. வரமிளகாய் எண்ணெயில் விழுந்த பத்தாவது வினாடி அலறத் தொடங்கும். கட்டடமே இரவு உடையில் தெருவுக்கு வரும். அதற்காக உணரியின் மேல் குளியல் தொப்பியை மாட்டிவிடுகிற மேதைகள் உண்டு. தூங்கும்போது உங்களைக் காப்பாற்ற இருப்பது அது ஒன்றுதான், அதன் கண்ணைக் கட்டாதீர்கள். தயிர் சாதம் தாளிக்காமலே நன்றாக இருக்கும்.

குளியலறை விஷயத்தில் நம்மவர்களுக்கு ஒரு நல்ல செய்தி. இத்தாலியில் 1975-ஆம் வருஷத்து அரசாணைப்படி வீடுகளில் ஒரு குளியலறையிலாவது பிடே என்னும் கழுவு தொட்டி இருந்தாக வேண்டும். பிரான்ஸிலோ பெரும்பாலும் காகிதம்தான். பயணத் திட்டத்தில் இத்தாலிக்கு ஒரு நாள் அதிகம் வேண்டும் என்று வாதாட இதைவிடப் பலமான காரணம் எனக்குத் தெரியவில்லை. ரோம் கட்சிக்காரர்கள் ஏன் இதைப் பயன்படுத்துவதே இல்லை என்பது ஆச்சரியம்.

கிளம்பும் நாளில் அறையைக் காலி செய்யும் நேரம் பத்து மணியா பதினொன்றா, பெட்டிகளை மாலை வரை வைத்துக்கொள்வார்களா என்று முந்தின இரவே கேட்டுவிடுங்கள். முன்பணமாகப் பிடித்து வைத்த தொகை உங்கள் கார்டுக்குத் திரும்பி வர சில நாட்கள் ஆகும், அதற்குள் யூரோ மதிப்பு மாறியிருக்கும். இதைக் கணக்குப் பிள்ளை நண்பரிடம் சொல்லாதீர்கள்.

மிச்சமிருப்பது மதிப்புரை. நீங்கள் வீட்டுக்கு மதிப்பெண் போடும் தளங்களில் வீட்டுக்காரரும் உங்களுக்குப் போடுவார் என்பதால் நட்சத்திரங்களைத் தாராளமாகக் கொடுக்கலாம். விஷயத்தை எழுத்தில் வையுங்கள். எத்தனை மாடி, படிகள் எத்தனை, பெட்டியோடு ஸ்டேஷனிலிருந்து எத்தனை நிமிடம், விசிறி உண்டா, சோபாவில் படுத்தவருக்கு முதுகு எப்படி இருக்கிறது. தண்ணீர்த் தொட்டி சிறியது, ஐந்தாவதாகக் குளிக்கிற ஆளுக்கு வெந்நீர் வராது என்பதையும் எழுதுங்கள். எல்லா நாளும் ஐந்தாவதாகக் குளித்தவர் யார் என்று எழுத வேண்டியதில்லை.